மலை திருப்பித் தந்த தூரம்

வன்னியில், தர்மபுரத்தில் ராஜினியின் வெள்ளைக் காரில் ஒருமுறையாவது ஏறாத குடும்பம் குறைவு. பிரசவம், பல்லுவலி, கல்யாண வீடு, கச்சேரியில் அரசாங்க அலுவல் என்று எதற்கும் அவளுக்குத்தான் போன் போகும். கார் வாங்குவதற்கு முன் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் அம்புலன்ஸ் ஓட்டினாள். மற்றப் பெண்கள் சிவப்புத் தடிகளுக்கு நடுவே குந்தியிருந்து மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சுரண்டுவார்கள். ராஜினி பாலை மர நிழலில், எந்த நிமிடமும் புறப்படத் தயாராய் நிற்பாள். பல வருடங்கள் அப்படி நின்றவள்.

அந்த அம்புலன்ஸின் டீசல் முள் பெரிய பொய்யன். நிரப்பிவிட்டால் அசையவே அசையாது. பாதியைத் தாண்டியதோ, கல் விழுந்த மாதிரி இறங்கும். வளைவில் திரும்பினால் கொஞ்சம் ஏறும், பிரேக் பிடித்தால் கொஞ்சம் இறங்கும். தாங்கிக்குள் மிதக்கிற ஒரு மிதவைதான் அந்த முள்ளை ஆட்டுகிறது என்றும், டீசல் அலையும் பக்கமெல்லாம் அதுவும் அலையும் என்றும் ராஜினி அறிந்துகொண்டாள். அதன்பிறகு முள்ளைப் பாதிக்குக் கீழே இறங்க அவள் விட்டதேயில்லை. காயக்காரரை ஏற்றிக்கொண்டு நடுக்காட்டில் நிற்க முடியாது அல்லவா.

பிறகு வாங்கிய இந்தச் சின்னக் கார் பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுவது. முள்ளுக்குப் பதில் கட்டங்கள் இருந்தன. கட்டங்களுக்குக் கீழே ஓர் எண். இன்னும் எத்தனை கிலோமீற்றர் ஓடலாம் என்று கார் தானே சொல்லியது. முதல் கிழமை முழுவதும் அவள் றோட்டைப் பார்த்ததைவிட அந்த எண்ணைப் பார்த்ததுதான் கூட. ஒருநாள் பரந்தன் றோட்டில் நிதானமாகப் போனபோது எண் இரண்டு கூடியிருந்தது. ஓடினால் குறைய வேண்டியது எப்படிக் கூடும்? கிளிநொச்சியில் கராஜ் வைத்திருந்த கிருசாந்தனிடம் போய் நின்றாள்.

"அக்கா, அது சாத்திரக்காரன் இல்லை," என்று அவன் சிரித்தான். "நீங்கள் இவ்வளவு நேரமும் எப்பிடி ஓடி வந்தனீங்களோ, இனியும் அப்பிடித்தான் ஓடுவீங்கள் எண்டு நினைச்சுக் கணக்குப் போடுது. வந்த றோட்டுத்தான் அதுக்குத் தெரியும். முன்னுக்கு என்ன கிடக்கெண்டு தெரியாது."

வன்னியில் அந்தக் கணக்கு பெரிதாகப் பிசகவில்லை. முன்னால் கிடப்பதும் பின்னால் கிடந்ததும் ஒரே சமதரைதானே. ஏற்றம் என்று சொல்ல இரணைமடுக் குளக்கட்டை விட்டால் என்ன இருக்கிறது?

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. பிறகு கோட்டா வந்தது. போனில் உள்ள கியூஆர் கட்டத்தைக் காட்டினால் காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர். அந்த நாட்களில்தான் அவளுடைய அப்பா சிவராசா ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் இருந்தார்.

"பிள்ளை, அக்கா போன் எடுத்தவா. குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. ஒருக்காப் போயிட்டு வருவமே?"

அக்கா என்பது அவருடைய மூத்த சகோதரி ராக்காயி. மலையகத்தில், றம்பொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தனியாக இருந்தார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டங்களில் வீடுகள் எரிந்தபோது, பதினாறு வயதுச் சிவராசாவைச் சித்தப்பா ஒருவர் வன்னிக்குக் கூட்டிவந்துவிட்டார். கல்யாணம் கட்டியிருந்த ராக்காயி அங்கேயே தங்கிவிட்டார். அதன்பின் யுத்தம், இடப்பெயர்வு, முகாம். போன் வந்த பிறகு குரல் மட்டும் போய்வந்தது. ஆட்கள் பார்த்துக்கொள்ளவில்லை. இப்போது சிவராசாவுக்கு முழங்கால் மடங்காது. பஸ்ஸில் அவ்வளவு தூரம் அவரால் ஏலாது.

ராஜினி கணக்குப் பார்த்தாள். அந்தக் கிழமைக் கோட்டாவில் கொஞ்சம் ஆஸ்பத்திரி ஓட்டத்துக்குப் போயிருந்தது. மிச்சம் இருப்பதில் மேலே போய்ச் சேரலாம். இரண்டு நாள் நின்றால் அடுத்த கிழமைக் கோட்டா திறந்துவிடும், அங்கேயே அடித்துக்கொண்டு திரும்பலாம். "வெளிக்கிடுங்கோ அப்பா," என்றாள்.

கண்டி வரைக்கும் எண் சொன்ன சொல் மாறாமல் வந்தது. கம்பளையைத் தாண்டும்போது 118 காட்டியது. தோட்டம் அங்கிருந்து நாற்பதுக்குச் சற்று மேல். தாராளம் என்று நினைத்தாள்.

பிறகு மலை தொடங்கியது.

ராஜினி அதற்கு முன் மலை ஏறியதில்லை. முதல் கொண்டை ஊசி வளைவில் கார் வேறு குரலில் முனகியது. அடுத்த வளைவில், சற்றுமுன் தாங்கள் வந்த றோட்டு காலுக்குக் கீழே ஒரு நாடா மாதிரிக் கிடப்பதைக் கண்டாள். பச்சைச் சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி முகிலுக்குள் மறைந்தன. முகிலுக்கு மேலே இன்னொரு மலை நின்றது. அது மலைதானா என்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வானத்தில் தேயிலை நட்ட மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில்தான் எண்ணைப் பார்த்தாள். 84. திரும்ப ஒரு வளைவு. 79. ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குள் மூன்று, நான்கு என்று உருண்டது. ஏறுகிற வேதனையைப் பார்த்துவிட்டு, இனி முழுப் பயணமும் இப்படித்தான் என்று கார் முடிவு கட்டிவிட்டது போலும். குளிர்சாதனத்தை நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். ஈரமும் தேயிலை வாசனையும் உள்ளே வந்தன. சிவராசா எண்ணைப் பார்க்கவேயில்லை. முகத்தை வெளியே நீட்டி, சின்னப் பிள்ளை மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் கார் நின்றபோது எண் 31. எண்ணுக்குப் பக்கத்தில், பெற்றோல் முடியப்போகிறது என்று எச்சரிக்கும் மஞ்சள் வெளிச்சம் எரிந்தது.

லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்து கம்பளிச் சால்வை போர்த்திய, ஒடிசலான ஒரு பெண் வந்தார். சிவராசாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் உயரத்துக்கு இழுத்தார்.

"ஏன்டா, இம்புட்டு நாளாடா?"

"வர முடியலக்கா," என்றார் சிவராசா. "வர முடியாமப் போச்சு."

ராஜினி திகைத்து நின்றாள். நாற்பது வருடமாக அவள் கேட்ட அப்பாவின் குரல் அல்ல அது. வன்னிப் பேச்சு முழுவதும் அந்த ஒரு நொடியில் கழன்று விழுந்து, அடியில் வேறொரு பேச்சு, ஒரு தோட்டத்துப் பொடியனின் பேச்சு, அப்படியே உயிரோடு இருந்தது.

இரண்டு நாள் அங்கே நின்றார்கள். காலையில் அத்தை அவளைத் தான் கொழுந்து பறித்த மலைக்குக் கூட்டிப்போனார். லயத்துக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதை செங்குத்தாக ஏறியது. ராஜினிக்கு நூறு அடியில் மூச்சு வாங்கியது.

"இதிலயே தினமும் ஏறினீங்களா அத்தை?"

"கூடையோடதான். மழை பேஞ்சா அட்டையோட," என்றார் ராக்காயி. "நாப்பது வருசம் இருக்கும்மா. விடியல்ல ஒரு ரொட்டி, பாலில்லாம ஒரு சாயத்தண்ணி. அம்புட்டுத்தான்."

ராஜினி அந்தச் சரிவை அண்ணாந்து பார்த்தாள். வந்த அன்று இதே மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் தன் கார் எவ்வளவு குடித்தது என்று கண்ணாலே கண்டவள் அவள். அந்த ஏற்றத்தை இந்தச் சின்ன உடம்பு ஒரு ரொட்டியில் ஏறியிருக்கிறது. அத்தையின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் கால், விரல்கள் விரிந்து மண்ணைப் பிடித்திருந்தன.

திரும்பும் நாளில் பிரச்சினை வந்தது. கோட்டா திறந்துவிட்டது, ஆனால் பெற்றோல்தான் இல்லை. "இங்கிட்டு எங்கயும் கெடையாதுங்க," என்றார் பக்கத்துக் காம்பராக்காரர். "கம்பளையில நேத்து வந்துச்சாம். அங்க போனாத்தான் உண்டு." கம்பளை நாற்பதுக்கு மேல். கார் 31 என்கிறது. போதாக்குறைக்கு ராக்காயி ஒரு உரப்பையில் கரட்டும் தேயிலைத் தூளும் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானும் வாரேன். தம்பி வீட்டையும் ஒருக்காப் பாத்துடறேன்."

மூன்று பேர், ஒரு மூட்டை, முப்பத்தொரு கிலோமீற்றர். சிவராசா மகளைப் பார்த்தார். "பிள்ளை, ஏலுமே? இல்லாட்டி இன்னும் ரெண்டு நாள் பாப்பம்."

பாதிக்குக் கீழே முள்ளை விடாத ராஜினி அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தாள். கிருசாந்தன் சொன்னது நினைவுக்கு வந்தது. கார் வந்த றோட்டைத்தான் பார்க்கும். வந்த றோட்டு முழுக்க ஏற்றம். ஆனால் முன்னுக்குக் கிடப்பது இறக்கம் அல்லவா? அது காருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் பயம் போகவில்லை. நடுவழியில் நின்றால் வயதான இரண்டு பேரோடு என்ன செய்வது?

"ஏறுங்கோ," என்றாள் கடைசியில். "இடையில நிண்டா நான் பொறுப்பு."

முதல் இரண்டு கிலோமீற்றரில் எண் அசையவில்லை. அவள் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். கார் தன்பாட்டில் உருண்டது. பிரேக்கை மெல்லத் தொட்ட இடமெல்லாம் அந்த வேகம் மின்சாரமாகிப் பற்றரிக் கட்டம் ஒன்றொன்றாக நிறைந்தது. ஒரு வளைவில் மஞ்சள் வெளிச்சம் அணைந்தது, அடுத்த வளைவில் எரிந்தது. தாங்கியில் மிச்சமிருந்த பெற்றோல் சரிவுக்குச் சரிவு இடம் மாறுகிறது என்று அவளுக்கு விளங்கியது.

பற்றரி முழுதாக நிறைந்ததும் திடீரென்று எஞ்சின் உறுமியது. போச்சு, இருக்கிறதையும் குடிக்கப் போகுது என்று ராஜினி நினைத்தாள். ஆனால் பெற்றோல் செலவு காட்டுகிற கோடு அடியோடு படுத்துக் கிடந்தது. எஞ்சின் சுற்றுகிறது, ஒரு துளி குடிக்கவில்லை. பற்றரியில் இனி வைத்துக்கொள்ள இடமில்லாததால், மலை தள்ளுகிற தள்ளை அந்தச் சுற்றிலே தாங்கிக்கொள்கிறது.

அப்போது எண் மாறியது. 33.

கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்த்தாள். 36. வலப்பக்கம் நீர்வீழ்ச்சி வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. 41. தேயிலைச் சரிவுகள் மேலே ஏறிப் போக, கார் இறங்க இறங்க எண் ஏறியது. பரந்தன் றோட்டில் இரண்டு கூடியதற்கே கராஜுக்கு ஓடியவள் அவள். இது ஒவ்வொரு வளைவுக்கும் கூடியது. 47. 52.

"அப்பா," என்றாள். "இதப் பாருங்கோ. கூடுது."

சிவராசா குனிந்து பார்த்தார். "பிழையாக் காட்டுதோ?"

"இல்லையப்பா. பிழை இல்லை. ஏறேக்க செலவழிச்சதெல்லாம் துலைஞ்சு போகேல்லை. உயரத்தில கிடந்திருக்கு. இப்ப திருப்பித் தருது."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் பாரம் அவளுக்கே தெரிந்தது. எரிந்து புகையாய்ப் போனது என்று நினைத்ததில் ஒரு பங்கை இந்தப் பெரிய மலை, யாரும் கேட்காமலே, இரண்டு நாள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. வேகத்தை இன்னும் குறைத்தாள். அவசரப்பட்டு எதையும் குழப்பிவிடக் கூடாது என்பது போல, கோயிலுக்குள் நடக்கிற மாதிரி ஓட்டினாள். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்து முந்திப் போனது. அவள் விட்டுக்கொடுத்தாள்.

"என்னாத்தடி ரெண்டு பேரும் பாக்கிறீங்க?" என்று பின் சீட்டிலிருந்து அத்தை கேட்டார்.

"கார் இன்னும் எவ்வளவு தூரம் போகும் எண்டு சொல்லுது அத்தை. இறங்க இறங்கக் கூட்டிச் சொல்லுது."

ராக்காயி கொஞ்சம் யோசித்தார். "எனக்குந்தான் எறங்கறப்ப இன்னும் நாலு கூடை தூக்கலாம் போல இருக்கும்," என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

கம்பளைப் பெற்றோல் செட் வரிசையில் போய் நின்றபோது எண் 68. மலையில் 31 என்று சொன்ன அதே கார், நாற்பதுக்கு மேல் ஓடியபிறகு 68 என்று சொல்லியது. ராஜினி இறங்கி, வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். மலை முகிலை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றது. கைகூப்பலாமா என்று தோன்றியது. வரிசையில் ஆட்கள் நின்றதால் கூச்சப்பட்டு, காரின் கூரையை ஒருமுறை தடவிவிட்டு ஏறினாள்.

கோட்டா முழுவதையும் அடித்துக்கொண்டு வடக்கே திரும்பினார்கள். வவுனியா தாண்டி, மாங்குளத்துக்குக் கிட்ட, றோட்டு நூல் பிடித்த மாதிரி நேரே ஓடிய இடத்தில் பின் சீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நித்திரையோ என்று ராஜினி கண்ணாடியில் பார்த்தாள். அத்தை நித்திரை இல்லை. கண்ணை அகலத் திறந்து, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"கொஞ்சம் நிப்பாட்டும்மா."

காரை ஓரம் கட்டினாள். பொழுது சாய்கிற நேரம். காடு விலகி, இருபக்கமும் அறுவடை முடிந்த வயல் வெளித்துக் கிடந்தது. ராக்காயி இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வரம்பு வரைக்கும் நடந்தார். பிறந்ததிலிருந்து ஏதாவது ஒரு மலை தோளில் இடித்துக்கொண்டிருந்த பெண் அவர். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கமும் மறைப்பு இல்லை.

"தம்பி," என்று மெல்லக் கூப்பிட்டார். "வானம் கீழ வரைக்கும் வருதேடா."

சிவராசா நொண்டி நொண்டிப் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார். ராஜினி எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.