கம்பைத் தொட்டுச் சொன்னது

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னவர் என் தாய்மாமா. வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நல்லதை மட்டும் எழுது என்றும் சொன்னார். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு தாளைக் கிழித்துப் போட்ட பிறகு, நடந்ததை எழுதுகிறேன். சொந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குருவிகுளம் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமத்தில் ஆறு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவர் அப்பா. பள்ளிக்கூடத்தின் பின்சுவர் வரைக்கும் போயிருக்கிறார். அங்கே நிழல் உண்டு, ஆடுகள் நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு சங்கரன்கோவில் பக்கம் வந்து, அறுப்பு முடிந்த வயல்களில் உரத்துக்கு ஆட்டுக்கிடை போட்டுப் பிழைத்தார். யார் வீட்டு ஆட்டுக்குக் கால் ஒடிந்தாலும் அப்பாவைத் தேடித்தான் வருவார்கள். உளுந்து மாவையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவார். கொஞ்ச நாளில் ஆடு துள்ளிக்கொண்டு போகும்.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது இடது முழங்காலுக்கு மேலே வீங்கியது. கபடியில் பட்ட அடி என்று எல்லோரும் நினைத்தோம். அப்பா எனக்கும் அதே கட்டைப் போட்டார். அம்மா கோயில் புற்றுமண்ணைக் கரைத்துப் பூசினார். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. ஒரு நாள் கட்டை அவிழ்த்து அமுக்கிப் பார்த்த அப்பா, "இது ஒடிவு இல்லலே. உள்ள என்னமோ வளருது" என்றார். தன் கை தப்பிவிட்டது என்று அவர் சொல்லிக் கேட்டது அந்த ஒரு முறைதான். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தோம். திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து மதுரைக்கு. எலும்புக் கட்டிகளை மட்டுமே பார்க்கும் டாக்டர் ஒருவர் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்தார். புற்றுநோய்தான் என்று என்னிடம் நேராகவே சொன்னார். முதலில் கீமோ, அடுத்து ஆபரேஷன், பிறகு மறுபடியும் கீமோ.

அந்த நாட்களில் அப்பா என்னை விட்டு நகரவில்லை. வாந்தியைக் கையில் ஏந்தினார். முடி மொத்தமும் கொட்டிய அன்று, "கிடாய்க்கு மயிரு கத்திரிச்ச மாதிரி நல்லாத்தாம்லே இருக்கு" என்றார். வார்டே சிரித்தது, நானும் சிரித்தேன்.

மூன்றாவது கீமோ முடிந்து நான் வீட்டில் இருந்தபோது, ஆபரேஷன் பற்றிப் பேச அப்பாவும் மாமாவும் மட்டும் மதுரைக்குப் போய்வந்தார்கள். அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்த எந்தத் தாளையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். கரண்டு பில்லானாலும் பட்டாவானாலும் என் கைக்கு வராமல் இருந்ததில்லை. தாள் ஏதும் கொடுத்தார்களா என்று கேட்டேன். தேதிதான் சொன்னார்கள் என்றார் அப்பா. ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் என் வயதுப் பையன் ஒருவனுக்குக் காலை எடுத்திருந்தார்கள். எனக்கு அதுதான் கண்ணுக்குள் நின்றது. என் காலை எடுக்க விடக்கூடாது என்றேன். விடமாட்டேன் என்றார். எனக்குப் போதவில்லை.

"கம்பைத் தொட்டுச் சொல்லுங்கப்பா."

எங்கள் சனத்தில் ஆட்டுக்கம்பைத் தொட்டுப் பொய் சொல்லக் கூடாது. சொன்னவர் பின்னால் ஆடு தங்காது என்பார்கள். அப்பா கம்பை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். "ஒங் காலு ஒனக்குத்தாம்லே. எடுக்க விடமாட்டேன்" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் ஆபரேஷனுக்குப் போனேன்.

கட்டி இருந்த எலும்பை வெட்டி எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். விழித்ததும் போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். கால் இருந்தது. ஊருக்கு வந்தபோது நீங்கள் எல்லோரும் பார்க்க வந்தீர்கள். எல்லோருமே என் கால்விரலைத் தொட்டுப் பார்த்தீர்கள். பெரியம்மா இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு அழுதார். பாசம் என்றே நினைத்தேன்.

ஊன்றுகோலோடு நடந்த ஒரு வருஷமும் அப்பா இரண்டு எட்டு பின்னாலேயே நடந்தார். கல்லூரிக்குப் போனேன். இப்போது இ-சேவை மையத்தில் வேலை. சோதனைக்குப் போகும்போதெல்லாம் நோய் மறுபடி வரவில்லை என்கிறார் டாக்டர். மாடிப்படி ஏறும்போதுதான் கால் கொஞ்சம் மடங்க மறுக்கும். ஆபரேஷன் நடந்த மாதமே அப்பா ஆடுகளை விலைக்குக் கொடுத்துவிட்டு, புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். கேட்டதற்கு, முட்டு வலிக்கிறது என்றார். முட்டு வலிக்காரர் மூட்டை தூக்குவாரா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்க, அப்பா டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த ஆஸ்பத்திரி ஃபைலை ஒரு நாள் நானே எடுத்தேன். நடுவில் ஒரு தாள். தேவை ஏற்பட்டால் இடது காலை நீக்க முழுச் சம்மதம். கீழே அப்பாவின் பெருவிரல் ரேகை, சாட்சியாக மாமாவின் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். அப்பா எனக்காகக் கம்பைத் தொட்ட அதே நாள். காலையில் ரேகை வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து சத்தியம் செய்திருக்கிறார்.

அப்பா முன்னால் தாளை வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"காலு போனா நீ என்னைய ஏசுவேன்னு தெரியும். ஏசுததுக்கு நீ இருக்கணும்லாலே" என்றார்.

நான் ஏசவில்லை. இரண்டு வருஷம் சரியாகப் பேசவே இல்லை. ரேகை வைத்த அன்றைக்கே மாமா சொந்தத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு, என் கால் போகலாம் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. யார் காலை யாரெல்லாம் பேசி முடித்தீர்கள் என்று இப்போதும் சில நேரம் நெஞ்சு எரிகிறது.

பிறகு அப்பாவுக்கு இருமல் வந்தது. நுரையீரலில் தொடங்கி ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். சளிதான், வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

"இம்புட்டு எழுதியிருக்கான். ஒண்ணும் இல்லங்கியாலே?"

"ஒண்ணும் இல்லப்பா."

"அந்தக் கம்ப எடு."

எடுத்தேன். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அப்பா என்னையே பார்த்தார். "எம் மவன்தாம்லே நீ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பதினோரு நாள் இருந்தார்.

காரியம் முடிந்த அன்று மாமாவிடம் கேட்டேன். அப்பா ஆடுகளைக் கொடுத்தது வைத்தியச் செலவுக்கா, முட்டு வலிக்கா என்று. காப்பீட்டில்தானே வைத்தியம் நடந்தது என்றார் மாமா. "கம்பத் தொட்டுப் பொய் சொன்னவன் ஆட்டுக்குப் பின்னால நிக்கக் கூடாதுன்னுட்டாரு மாப்ள." இதையும் அப்பா என்னிடம் சொல்லவில்லை.

மதுரை டாக்டருக்கும், கட்டுப் பிரித்துக் கட்டிய நர்சு அக்காமார்களுக்கும், ரத்தம் கொடுத்த கடையநல்லூர் நண்பர்களுக்கும், கடைசி நாட்களில் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமா, உங்கள் சாட்சிக் கையெழுத்துக்கும் நன்றி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதை மட்டும் நான் இன்னும் விடவில்லை.

கம்பு எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. நானும் அதைத் தொட்டுப் பொய் சொன்னவன்தான். அதற்கு ஈடாக விட்டுவிட அப்பாவிடம் ஆடுகளாவது இருந்தன.