படத்தில் அழுதபோது கட்டியிருந்த சேலை

இன்று பாளையங்கோட்டையில் ஒரு புகைப்படக் கண்காட்சி. எல்லாம் தாமிரபரணி வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் படங்கள்.

நடுச்சுவரில், இடிந்த வீட்டின் முன் தலையில் அடித்து அழும் ஒரு பெண். திறப்பு விழாவில் படத்தின் அருகே நிற்க வைக்க அவரையே அழைத்திருந்தார்கள்.

அந்த அக்கா பட்டுச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து வந்தார்.

பொன்னாடையோடு நின்ற புகைப்படக் கலைஞர் பதறிவிட்டார். “படத்துல உள்ள அதே சேலையக் கட்டிட்டு வரச் சொன்னேன்லாக்கா!”

“அது கிழிஞ்சு கரித்துணியாயிட்டு தம்பி. விசேஷத்துக்கு அதையா கட்டிட்டு வருவாவ?”

கலைஞரின் முகம் சுண்டிப்போனது.

காலையிலிருந்து வெள்ளத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேட்டி கொடுத்த மனிதர். அவர் முகத்தில் அப்போதுதான் துயரத்தைப் பார்த்தேன்.

யாராவது அதைப் படம் எடுத்திருந்தால் அனுப்புங்கள். நானும் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும்.