ரங்கூன் பொம்மையும் பல்செட்டு உத்தமனும்

உடைந்த பொம்மை எது கைக்கு வந்தாலும் அதன் கன்னத்தைத் தன் முன்பல்லில் இரண்டு முறை தட்டிப் பார்க்கிறார் உத்தமன். கிணுக், கிணுக். "பீங்கான்" என்று சொல்லிவிட்டு வேட்டி முனையால் துடைக்கிறார். களிமண்ணா, காகிதக் கூழா, பிளாஸ்டிக்கா என்று கண்டுபிடிக்க அவருக்கு வேறு கருவி வேண்டாம். களிமண் பல்லில் பட்டால் மொத்தென்று அடங்கிவிடும், காகிதக் கூழ் வாயே திறக்காது, பிளாஸ்டிக் வழுக்கும். பீங்கான் மட்டும்தான் எதிர்ப்பேச்சு பேசும். "பல்லும் பீங்கானும் பங்காளிங்க" என்பது அவர் கட்சி.

அம்பத்தூர் எம்.டி.எச். ரோட்டில், பஸ் நிறுத்தத்துக்கு அருகே, சைக்கிள் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே அவர் கடை. பொய்ப்பல் கட்டுகிறவர், டாக்டர் இல்லை. பட்டணத்தில் ஒரு பல் வைத்தியரின் பின்கட்டு அறையில் பதினாலு வருஷம் அச்சு வார்த்துக்கொண்டிருந்தவர், தொழில் எஸ்டேட்டில் கம்பெனிகள் வரிசையாக எழும்பியபோது இங்கே வந்து உட்கார்ந்தார். வயது ஐம்பத்து மூன்று. அச்சு வார்க்கும் சுண்ண மாவு பிசைந்து பிசைந்து விரல் நுனிகள் வெடித்துக் கிடக்கின்றன. மத்தியானத்துக்கு மேல் எழுந்து நிற்க ஒரு கையைச் சுவரில் ஊன்ற வேண்டியிருக்கிறது. எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஊரே மெல்லுது, எனக்குத் தாட வலிக்குது."

யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். பெயர் மறந்துவிடும், கீழ்வரிசையில் இடது கடைவாய்ப்பல் இல்லாதவர் என்று ஞாபகம் இருக்கும். உள்ளதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். "இது நிக்காது நைனா. ஆறு மாசம். அப்பால சோத்தோட வந்துரும்." மண்ணூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளைப் பையன், கல்யாணம் வரைக்குமாவது நிற்கும் என்று சொல்லுங்களேன் என்று கெஞ்சினானாம். "நான் சொன்னா பல்லு கேக்குமா?" என்று அனுப்பிவிட்டார்.

மாவும் மெழுகும் ஈறு செய்யும் ரோஸ் பொடியும் வைத்திருக்கிறவர் என்பதால் ஊரில் உடைந்ததெல்லாம் அவரிடம் வந்து சேரும். மூக்குப் போன கொலுச் செட்டியார், இறக்கை ஒடிந்த கிறிஸ்துமஸ் குடில் சம்மனசு, தலை கழன்ற தஞ்சாவூர் பொம்மை. "வாய்க்கு வேல செய்றவன்கிட்ட வாயில்லாததெல்லாம் இட்டாந்து வெக்கிறாங்கபா" என்று முனகிக்கொண்டே வாங்கி அலமாரியில் வைப்பார். எல்லாவற்றையும் ஒட்டித் தந்துவிடவும் மாட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த தொட்டா கெட்டுரும், அப்டியே உடு" என்று பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தொடாமல் விடுவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரம், ஒட்டுவதற்கு எடுத்துக்கொள்வதை விட அதிகம்.

அங்கம்மா வந்தது போன ஐப்பசியில், தூறல் விடாத ஒரு வியாழக்கிழமை. ஆவடிக்கு அப்பால் முத்தாபுதுப்பேட்டையில் குடியிருக்கிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேல்வரிசை முழுசாக இருக்கிறது, கீழே இரண்டு இல்லை. துண்டில் சுற்றி எடுத்து வந்த பொம்மையைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"மூஞ்சில ஒரு விரிசல் இருக்குண்ணே. அத மட்டும் அடைச்சுக் குடுத்தாப் போதும். தலையத் தொறக்கக் கூடாது."

தொறக்கக் கூடாது என்பதை இன்னொரு முறையும் சொன்னாள்.

உத்தமன் பொம்மையைப் பல்லில் தட்டினார். பீங்கான்தான். ஒரு முழ உயரம். நெற்றியிலிருந்து இடது கன்னத்துக்கு மயிரிழை மாதிரி ஒரு விரிசல். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. உடம்பு மரத்தூள் கலந்த கூழ். மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. வலது கையில் இரண்டு விரல் இல்லை. உள்ளே ரப்பர் கயிறு தளர்ந்து, கால்கள் தொளதொளவென்று தொங்கின. ஆனால் லேசாகத் திறந்திருந்த வாய்க்குள் மேலே இரண்டு பல், அரிசிக் குருணை அளவில், அப்படியே இருந்தன. அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு முடியை ஒதுக்கிப் பிடரியில் தடவினார். பீங்கானிலேயே எழுத்து எழும்பியிருந்தது. பட்டணத்தில் வேலை பார்த்த நாளில், உலகச் சண்டைக்கு முன்னால் வந்த சீமைப் பல் பெட்டிகளில் அதே எழுத்தைப் பார்த்திருக்கிறார்.

"ஜெர்மனி பொம்ம. ஐம்பது அறுபது வருசம் ஆயிருக்கும். ஏதோ தொரை ஊட்டுது. உனுக்கு எங்க கெடச்சிது?"

"ரங்கூன்ல."

காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே கனமாக ஏதோ ஒன்று உருண்டு இடித்தது. நிமிர்ந்தபோது அங்கம்மா பொம்மையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து காட்டிவிட்டு, பிழைக்குமா போகுமா என்று காத்திருக்கிறவர்களின் பார்வை அது. அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

சத்தமும் தெரிந்த சத்தம்தான். கண் மூடித் திறக்கிற பொம்மைக்கு உள்ளே, கண்ணோடு சேர்த்து ஒரு ஈயக்குண்டு வைத்திருப்பார்கள். படுக்க வைத்தால் குண்டு இழுத்துக் கண்ணை மூடும். இந்தப் பொம்மைக்குக் கண் கழன்று குண்டோடு தலைக்குள் கிடக்கிறது, அவ்வளவுதான். அதைச் சொல்ல வாயெடுத்தவர், என்ன காரணமோ, சொல்லவில்லை. "தொறக்காம கண்ணு வெக்க முடியாதே" என்றார்.

"கண்ணு வேணாம்ணே." பொம்மையைத் திரும்பத் துண்டில் சுற்றினாள். "யோசிச்சுட்டு வர்றேன்."

மறுநாள் மத்தியானம் அவளுடைய மகள் வனஜா தனியாக வந்தாள். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டப்பா அடுக்கும் வேலை. பதினெட்டு வயது. சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தவள், உட்காராமலே பேசினாள்.

"எங்கம்மா இன்னா சொல்லிச்சி? அதுக்குள்ள தங்கம் கீதுனு சொல்லிச்சா?"

"சொல்லலியே."

"யார்கிட்டயும் சொல்லாது. ஆனா பத்து வருசமா நெனச்சிகினு கீது."

அவள் சொன்னது இதுதான். ரங்கூனில் அவள் அப்பா சம்பத் டீக்கடை வைத்திருந்தார். கடைகளையெல்லாம் பர்மா சர்க்கார் எடுத்துக்கொண்டபோது, அங்கம்மாவையும் எட்டு வயது மகளையும் முதலில் கப்பலேற்றினார். நகை எதுவும் எடுத்துப்போகக் கூடாது என்பது சட்டம். பெண்டாட்டியின் எட்டு பவுனில் ஒரு குண்டுமணி கூடக் கப்பலில் வரவில்லை. துறைமுகத்தில் பொம்மையை மகள் கையில் கொடுத்து, "இத்த உட்றாத, அம்மாகிட்டயே இருக்கட்டும்" என்றார். அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்னார். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

"இப்ப எனுக்கு மாப்ள பாத்துகீறாங்க. அவங்கம்மா மூணு பவுன் போடணும்னு நிக்கிது. அதான் பொம்மைய எட்த்துகினு வந்துச்சி. வந்துட்டு, தொறக்கப் பயந்துகினு திரும்பிடுச்சி. உள்ள இன்னா கீதுண்ணா, நெசமா சொல்லுங்க."

"ஈயம்தான்மா" என்றார் உத்தமன்.

வனஜா கொஞ்ச நேரம் எதிரில் நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். "நெனச்சேன். நான் சொன்னா நம்பாது. நாயித்துக்கெழம கூட்டியாறேன். நீங்களே சொல்லிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உத்தமனுக்கு வேலை ஓடவில்லை. ஆயிரம் பேர் முகத்துக்கு நேரே "போச்சு" என்று சொன்ன மனிதர். ஒரு கீழ்வரிசை செட்டை இரண்டு தடவை கோணலாக வார்த்து, இரண்டு தடவையும் உடைத்துப் போட்டார். "எலும்பு இல்லாத எடத்துல பல்லு கட்டச் சொன்னா எங்க கட்டுறது?" என்று யாரும் இல்லாத கடையில் சொல்லிக்கொண்டார்.

தாயும் மகளும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"உள்ள இருக்கறது ஈயம்தாம்மா. கண்ணோட சேந்த குண்டு."

"சத்தத்த வச்சுச் சொல்றீங்க."

"ஆமா."

"பாத்துச் சொல்லலியே."

அங்கம்மா துண்டைப் பிரித்துப் பொம்மையை மேஜைமேல் வைத்தாள். "சரி, தொறங்க."

ஈரத்துணியைச் சுடவைத்து, பொம்மையின் தலைமுடிமேல் போட்டுக் காத்திருந்தார். முடி ஒரு தொப்பி மாதிரி. பசை இளகினால் தனியே வந்துவிடும். இளகியது. ஆனால் வந்த வாடை அவர் எதிர்பார்த்த வாடை இல்லை. கம்பெனிக்காரன் வஜ்ஜிரம் போட்டு ஒட்டுவான். இதில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முடியை எடுத்தால், உச்சந்தலை ஓட்டையை மூடியிருக்க வேண்டிய தக்கை இல்லை. அதற்குப் பதில் கத்தரியால் வட்டமாக வெட்டிய ஓர் அட்டை. அட்டையில் வட்ட வட்டமாகப் பர்மா எழுத்து.

அங்கம்மா எழுந்துவிட்டாள். "எங்க கடை டீத்தூள் அட்டை அது. அவர் வெட்டினது. வனஜா, உங்கப்பா வெட்டினதுடி."

வனஜாவின் முகமே மாறிப் போயிற்று. சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னது தப்போ என்று முதல்முறையாக உத்தமனுக்கே சந்தேகம் வந்தது. மெழுகுக் கத்தியின் முனையால் அட்டையை நெம்பி எடுத்தார்.

உள்ளே இரண்டு நீலக் கண்ணாடிக் கண்கள், நடுவில் கம்பி, கம்பியின் நுனியில் ஈயக்குண்டு. வேறொன்றும் இல்லை.

கவிழ்த்தும் தட்டினார். கொஞ்சம் வெள்ளைத் தூள் மேஜையில் கொட்டியது.

சைக்கிள் கடையில் யாரோ டியூப்புக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணு தானா விழுந்துச்சாண்ணே?" என்றாள் அங்கம்மா.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பழைய பொம்மை, மாவு உதிர்ந்து கண் கழன்றுவிட்டது என்றால் கேட்டுக்கொண்டு போய்விடுவாள். உத்தமன் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பி உள்ளே பார்த்தார். கண்ணைப் பிடித்திருந்த மாவு உதிரவில்லை, கொத்தி எடுக்கப்பட்டிருந்தது. கத்தியின் கீறல் ஒவ்வொன்றும் புதிது போலத் தெரிந்தது.

"இல்லம்மா. யாரோ கத்தி வெச்சு எட்த்துகீறாங்க. பொறுமையா, பீங்கான்ல படாம எட்த்துகீறாங்க. உள்ள எடம் பண்றதுக்கு."

"எடம் பண்ணிட்டு?"

"அப்பால வெக்கல. இல்ல, வெச்சுட்டு எட்த்துட்டாரோ. அது எனுக்குத் தெரியாது. எடம் பண்ணது மட்டும் தெரியும்."

அங்கம்மா கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலை உச்சந்தலை ஓட்டைக்குள் விட்டு, கண் குழிகளுக்குப் பின்னால் தடவினாள். ஒரு கீறலில் விரல் நின்றது; திரும்பவும் தடவினாள். அழுவாள் என்று நினைத்து வனஜா அவள் தோளைப் பிடித்தாள். அங்கம்மா அழவில்லை. "ராத்திரி முழுக்க உக்காந்திருப்பாரு" என்றாள். "நாங்க தூங்கிட்டோம். துறைமுகத்துல சோதனை பலமா இருக்குன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. புள்ளை கையில வச்சு அனுப்பப் பயந்திருப்பாரு."

அப்படியும் இருக்கலாம் என்று உத்தமனுக்குப் பட்டது.

"மாப்ள ஊட்டுக்கு நான் நேத்தே சொல்லிட்டேம்மா" என்றாள் வனஜா. "ஒண்ணும் கெடையாதுனு. அவரு சரின்னுட்டாரு. அவங்கம்மாதான் மூஞ்சத் தூக்கிகினு கீது. கெடக்கட்டும்."

அங்கம்மா மகளை ஒருமுறை பார்த்தாள். கோபித்துக்கொள்ளவும் அவளிடம் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை.

"கண்ணு வெக்கட்டுமா?" என்று கேட்டார் உத்தமன். "வெச்சா உள்ள புது மாவு பூசணும். அந்தக் கீறலெல்லாம் மறைஞ்சுடும். யோசிச்சு சொல்லு. வேணாம்னா அப்டியே மூடிக் குடுத்துர்றேன்."

அங்கம்மா விரலை ஓட்டையிலிருந்து வெளியே எடுத்தாள்.

"வச்சிடுங்க. பத்து வருஷம் போதும்."

"விரிசலு? வெரலு? மேல்பூச்சு?"

"அதெல்லாம் இருக்கட்டும்ணே. எனக்கு மட்டும் என்ன, புதுசாவா இருக்கு?"

அவருக்கும் அதுதான் சரியென்று பட்டது. விரிசல் இனி ஓடாது. பூச்சைத் தொட்டால் முகம் கெட்டுவிடும். கண்ணை நிறுத்த மாவைக் குழைத்து, கண் இரண்டையும் விளிம்பில் மெழுகு தடவிப் பொருத்தி, குண்டு தடையில்லாமல் ஆடுகிறதா என்று மூன்று முறை சாய்த்துப் பார்த்தார். ரப்பர் கயிற்றையும் கேட்காமலே மாற்றினார். டீத்தூள் அட்டையையே திரும்ப வைத்து மூடி முடியை ஒட்டினார். மாவு இறுகும் வரை தாயும் மகளும் பெஞ்சிலேயே இருந்தார்கள். அங்கம்மா சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப் போனாள். எழுப்ப வேண்டாம் என்று வனஜாவுக்குக் கையைக் காட்டினார்.

அவர்கள் கிளம்பியபோது நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஆவடி போகிற பஸ், நிறுத்தத்தைத் தாண்டித்தான் எப்போதும் நிற்கும், ஓட வேண்டும். வாடிக்கையாளர் யாருக்காகவும் நாற்காலியை விட்டு எழுந்திராத உத்தமன், சுவரில் கையை ஊன்றி எழுந்து, செருப்பைக் கூடப் போடாமல் தெருவில் இறங்கினார். பஸ் வந்தது. அதற்கு நேர் எதிரே நடு ரோட்டில் நின்றுகொண்டு, மாவு காய்ந்து வெளுத்திருந்த கையை உயர்த்தினார். டிரைவர் வைதார். அவர் நகரவில்லை. அங்கம்மா அவசரப்படாமல் ஒவ்வொரு படியாக ஏறி, பொம்மையை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்காரும் வரைக்கும் அந்தக் கை மழையில் அப்படியே நின்றது.