எங்கள் மெட்டுக்குச் சொந்தக்காரர்

இரண்டு கிட்டார். பாடகர் இல்லை. இதைச் சொன்னால் கொழும்பில் ஒருவருக்கும் விளங்குவதில்லை.

முதலில் வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். அங்கே இருந்தவர் எங்கள் இருவருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சிங்கர் இன்னும் வரேல்லையோ?"

"சிங்கர் இல்லை."

"அப்ப கரோக்கேயா?"

"இல்லை. இவ்வளவுதான்."

அவர் எங்களை இரக்கத்தோடு பார்த்தார். ஒன்றும் யோசிக்க வேண்டாம், ஒரு தபேலாவும் கொஞ்சம் புல்லாங்குழலும் தானே கம்ப்யூட்டரில் போட்டு நிரப்பித் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

நான் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் துணி வெட்டுகிறவன். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டேன். அதுவும் என்னைத் தேடி வரவில்லை. இருப்பது வெள்ளவத்தையில், ஓர் அறையில். கூட்டாளி கொட்டாஞ்சேனை. வாரநாளில் பள்ளிக்கூட வான் ஓட்டுவான், ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பான்.

நாங்கள் பழகியது ஒரு கல்யாண பாண்டில். வருடக்கணக்காக மற்றவர்களுடைய பாட்டை வாசித்தோம். பாண்டுக்கு எப்போதும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில்தான் இடம். புரியாணிச் சட்டியின் மூடி திறக்கிற சத்தத்துக்கு எங்களைவிட ரசிகர் அதிகம். கடைசியில் இருவரும் விலகினோம். இனி மண்டபத்தில் வாசிப்பதில்லை என்று அவன் சத்தியம் செய்தான். நான் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகுதான் எங்களுடையது என்று சொல்ல ஒன்று உண்டானது. ஒரே ஒரு மெட்டு. அவன் மேலே போவான், நான் கீழே நிற்பேன். நடுவில் ஓர் இடத்தில் இருவரும் மாறுவோம். அவன் இறங்க நான் ஏறவேண்டும். அந்த இடம்தான் மெட்டு. மற்றதெல்லாம் அதற்குப் போகிற வழி.

அவனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. கம்பியை அழுத்துகிறேனா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிகிறது என்றான். வான் ஓட்ட அது போதும். பிள்ளைகளின் தாய்மார் கையைப் பார்ப்பதில்லை. கிட்டாருக்குப் போதாது.

"வாசிக்கேலாமப் போறதுக்கு முன்னம் இதைப் பதிஞ்சு வெளியில விட்டிடுவம் மச்சான்," என்றான். "எங்கட பேரில. ஒண்டு போதும்."

பெரிய ஆசை இல்லை. சின்ன ஆசை நிறைவேறுவது சுலபம் என்று அப்போது நினைத்தேன்.

என் அறையில் பதிய முடியாது. ஒரு பக்கம் காலி நகருக்குப் போகிற வீதியில் பஸ், மறுபக்கம் கடற்கரை ரயில், மேல்மாடியில் டியூஷன் பிள்ளைகள் இரசாயனம் பாடமாக்குவார்கள். அவன் வீட்டுக்கு ஒரு பக்கம் தேவாலயம், ஒரு பக்கம் அம்மன் கோயில். ஒலிபெருக்கி விஷயத்தில் இரண்டும் ஒற்றுமை.

எங்கள் கடைக்குப் பின்னால் துணிக் கிடங்கு இருக்கிறது. கூரை வரைக்கும் துணிச் சுருள். உள்ளே நின்று கதைத்தால் சொன்னது சொன்னவன் வாய்க்குள்ளேயே விழும். முதலாளியிடம் கேட்டேன். அவர் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்து எவ்வளவோ காலம். பேச்சு மட்டும் இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை.

"கிட்டாரா? உங்கிட்டயா? இத்தனை வருஷமா சொல்லவே இல்லையேப்பா."

"நீங்க கேக்கேல்லையே முதலாளி."

"சரி, ஞாயித்துக்கிழமை வந்துக்க. உள்ள பீடி சிகரெட்டு பத்தவைக்கப்படாது, ஆமா. பாட்டு யாரு பாடுறா?"

"ஒருத்தரும் இல்லை."

"அதுவும் நல்லதுதான். சத்தம் கம்மி."

பாடகர் குழுவின் மைக் ஒன்றை அவன் இரவல் வாங்கி வந்தான். ஒரு பழைய லேப்டொப்பும் இருந்தது. முதலில் வெல்வெட் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாசித்தோம். போட்டுக் கேட்டால் போர்வைக்குள்ளே யாரோ முனகுவது போல இருந்தது. வெல்வெட் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அதை ஒதுக்கிவிட்டு ஒரு பக்கம் பள்ளிச் சீருடைத் துணியை அடுக்கினேன். வெள்ளைத் துணி, இறுக்கமான நெசவு. கொஞ்சம் சத்தத்தைத் திருப்பித் தந்தது. பள்ளிக்கூடத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

பல ஞாயிறுகள் போயின. அவன் பூசை முடித்து நேரே வருவான். தொடங்குவோம், அந்த மாறுகிற இடம் வரும், விரல் வராது. நிறுத்துவோம். அவன் கையை உதறுவான். நான் இஞ்சிப் பிளேன்டீ ஊற்றுவேன், சீனி இல்லாமல். மறுபடி தொடங்குவோம்.

ஒரு ஞாயிறு அது வந்தது. அவன் இறங்கினான், நான் ஏறினேன், இருவரும் ஒன்றில் நின்றோம். முடித்ததும் அவன் தன் விரல்களை வேறு யாருடையதோ போலப் பார்த்தான்.

"வந்திட்டுது."

"ஓம்."

இன்னும் நன்றாக வரும் என்று உடனே திரும்ப வாசித்தான். வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவன் கிட்டாரைப் பையை விட்டு எடுக்கவில்லை. ஆக, இருப்பது அந்த ஒன்றுதான்.

இணையத்தில் வெளியிடுவது சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். பணம் கட்டினால் ஒரு கம்பெனி எல்லா இடத்திலும் ஏற்றிவிடும். அதற்கு முன்னால் கேள்வி கேட்கும். பாடல் என்ன மொழி? பாடகர் பெயர் என்ன? பாடல் வரியில் கெட்ட வார்த்தை உண்டா? வரியே இல்லை. இல்லை என்று போட்டோம். படத்துக்குச் சீருடைத் துணிச் சுருளை ஃபோனில் எடுத்துப் போட்டோம். எழுதியவர் என்ற இடத்தில் இரண்டு பேரின் பெயர். அதை அவன் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தான்.

பதில் வந்தது. இந்த இசைக்கு ஏற்கெனவே வேறொருவர் சொந்தக்காரர், வெளியிட முடியாது என்று.

சொந்தக்காரரின் பெயரும் போட்டிருந்தார்கள். கூட்டாளியுடைய மனைவியின் சித்தப்பா மகன். வெள்ளவத்தையில் வீடியோக்காரன். கல்யாணம், பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளானால் செய்கிற சாமத்திய வீடு எல்லாம் எடுப்பான்.

நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"பதிஞ்ச அண்டைக்கே ஃபோனில குடும்பக் குறூப்பில போட்டனான்," என்றான்.

"ஏன்?"

"மாமிக்குக் காட்டத்தான்."

மாமிக்கு. பிள்ளை பிறந்தாலும் பல் விழுந்தாலும் குறூப்பில் போடாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது நடந்ததாகக் கணக்கில்லை. மாமி வரிசையாகக் கும்பிடு கை அனுப்பினாராம். வீடியோக்காரன் மட்டும், "அத்தான், ஒரு சாமத்திய வீட்டு வீடியோவில போடட்டோ?" என்று கேட்டானாம். மெட்டை ஒருவன் கேட்டு வாங்கியது அதுதான் முதல்தடவை. அத்தானுக்கும் புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. போடு என்றுவிட்டார்.

இருவரும் வீடியோக்காரனின் கடைக்குப் போனோம். கடை முழுக்கச் சாமத்தியப்பட்ட பெண்பிள்ளைகளின் படம். ஒரு பிள்ளை குதிரை வண்டியில், ஒரு பிள்ளை தாமரைக்குள்ளே. அவன் எழுந்து நின்று வரவேற்றான்.

"அத்தான், கோவப்படாதேங்கோ. நான் களவெடுக்கேல்லை. இன்டர்நெட்டில வீடியோ ஏத்தேக்க அவங்கள் கேட்டவங்கள், உள்ளுக்க இருக்கிற சத்தமெல்லாம் உன்ரதோ எண்டு. ஓமெண்டு பட்டனை அமத்தினன். எல்லாத்துக்கும் ஓமெண்டுதானே அமத்திறது."

"அப்ப இப்ப இல்லையெண்டு அமத்து," என்றான் கூட்டாளி.

"அமத்தலாம் அத்தான். ஒரு நிமிஷ வேலை. அதுக்கு முதல் ஒரு சின்ன உதவி."

கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வருகிறதாம். இங்கே மண்டபம் எடுத்து மகளுக்குச் சாமத்திய வீடு செய்கிறார்களாம். அந்த வீடியோவைப் பார்த்து மயங்கிவிட்டார்களாம். பிள்ளை மேடைக்கு வரும்போது அதே மியூசிக் வேண்டும், அதே ஆட்கள் லைவ்வாக வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இவன் அதற்கும் ஓம் என்று அமத்திவிட்டான்.

"நாங்கள் மண்டபத்தில வாசிக்கிறேல்லை," என்றேன்.

"அண்ணை, இது வாசிப்பு இல்லை. லைவ்."

நான் எழும்பினேன். கூட்டாளி எழும்பவில்லை.

"வாசிச்சா விட்டிடுவியோ?"

"சத்தியமா அத்தான். அங்கயே, உங்களுக்கு முன்னாலயே அமத்துவன்."

"வாறம்," என்றான்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன்.

"விரல்?"

"தெரியும்," என்றான். பஸ் வந்தது.

அந்த நாளும் வந்தது. எங்களுக்கு ஒரே நிறத்தில் வேட்டி, பளபள சால்வை. சால்வை எங்கள் கடைத் துணி. பட்டு என்று சொல்லித் தந்தார்கள். வெட்டியவன் நான், பட்டு இல்லை. மேடைக்குக் கீழே இரண்டு கதிரை. பக்கத்தில், எதிர்பார்த்தபடி, புரியாணி.

கூட்டாளி உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் மைக் எங்கே என்று தேடினேன். வீடியோக்காரன் ஓடி வந்தான்.

"அண்ணை, மைக் ஒண்டும் இல்லை. ஸ்பீக்கரில உங்கட ட்ராக்கைப் போடுறன். நீங்க சும்மா வாசிக்கிற மாதிரி இருங்கோ. அப்பத்தான் சத்தம் கிளீனா வரும்."

"லைவ் எண்டாய்?" என்றான் கூட்டாளி.

"ஓம் அத்தான். நீங்க லைவ்வா இருக்கிறியள்தானே."

எங்கள் மெட்டு எங்களுடையது என்று நிரூபிக்க, எங்கள் மெட்டை வாசிப்பது போல நடிக்க வேண்டும். பாண்டில் இருந்தபோது இவ்வளவு உயரத்துக்கு நாங்கள் வந்ததில்லை.

புகை அடித்தார்கள். தலைக்கு மேலே ட்ரோன் ஒன்று இரைந்தது. குடைக்குக் கீழே பிள்ளை வந்தாள். முகத்தில் பூச்சு, பூச்சுக்குள்ளே பயம். மெட்டு ஸ்பீக்கரில் தொடங்கியது. துணிக் கிடங்கில் வாசித்த அதே மெட்டு. நான் கம்பியில் படாமல் கையை ஆட்டினேன். சுலபமான வேலை. வருடக்கணக்காக வீணாகக் கஷ்டப்பட்டிருக்கிறேன்.

அப்போதுதான் பக்கத்தில் கேட்டது. அவன் நடிக்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்தான். மெதுவாக, கம்பியை அழுத்தி, உள்ளபடி. மண்டபத்தில் ஒருவருக்கும் அது கேட்காது. தோளோடு தோள் இருந்த எனக்குக் கேட்டது. ஸ்பீக்கரில் ஒருத்தன், பக்கத்தில் ஒருத்தன்.

மாறுகிற இடம் வந்தது. ஸ்பீக்கரில் இருந்தவன் இறங்கினான். பக்கத்தில் இருந்தவனின் விரல் வரவில்லை. கம்பி இரைந்தது. அவன் நிறுத்தவில்லை. குனிந்து விரலைப் பார்த்துக்கொண்டு அடுத்ததற்குப் போனான். நானும் கையைக் கம்பியில் வைத்தேன். மிச்சத்தை இருவரும் வாசித்தோம்.

முடிந்ததும் கைதட்டல். பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா கிட்ட வந்தார்.

"நல்லா இருந்தது தம்பிமார். வீடியோவில வாற மாதிரியே அச்சாய் வாசிச்சியள்."

"நன்றி அம்மா," என்றான் கூட்டாளி.

வீடியோக்காரன் சொன்ன சொல் தவறவில்லை. புரியாணித் தட்டு ஒரு கையில், ஃபோன் மறுகையில். எங்களுக்கு முன்னாலேயே அமத்தினான். கொஞ்சம் எண்ணெய் பட்டது, துடைத்துவிட்டு இன்னொரு தரம் அமத்தினான்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம்.

"நடுவில வரேல்லை," என்றான்.

"ஓம்."

"கேட்டதோ?"

"எனக்கு மட்டும்."

"அப்ப சரி."

சில நாள் கழித்து மெட்டு வெளியே வந்தது. எங்கள் பெயரில். அவனுடையது முதலில், என்னுடையது பிறகு. இப்போது அவன் கிட்டார் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. காலையில் வானில் பிள்ளைகளுக்கு மெட்டைப் போட்டுவிடுகிறானாம். பிள்ளைகள் நித்திரை என்றான். தாலாட்டு என்று போட்டிருக்கலாம், இன்னும் விலைப்பட்டிருக்கும்.

நான் முதலாளிக்கு என் ஃபோனில் போட்டுக் காட்டினேன். கடையில் ஆள் இல்லாத நேரம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல், முழுவதும் கேட்டார். அவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டதில்லை.

"நல்லாயிருக்குப்பா," என்றார். "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"முடிஞ்சுது முதலாளி," என்றேன்.