வளைவில் காத்திருந்தவர்

கனகம்மாசத்திரம் தாண்டி ஒரு வளைவில் என் கார் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியபோது, எதிர்ப்பக்கம் ஒரு ரெக்கவரி வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. அதன் படியில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், நெற்றி நிறைய விபூதியோடு, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஓடுகளைக் கீழே போடாமல் சட்டைப் பையில் சேர்த்துக்கொண்டார்.

கையசைத்துக் கூப்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். அடுத்த நிமிடம் அவருடைய போன் அடித்தது.

"ஆங், வந்துகினே இருக்கேன் சார்" என்றார், உட்கார்ந்தபடியே. பிறகுதான் எழுந்து வந்தார்.

"கூப்பிட்டப்போ ஏன் வரலை?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஸ்டேஷன் லிஸ்ட்ல அஞ்சு வண்டிங்க இருக்குது சார். ஒரு நாளைக்கு ஒருத்தர் முறை. இன்னிக்கு என்னுது. அவங்க சொல்லாம நானா கொக்கி மாட்னேன்னு வைங்க, பேரையே அடிச்சிடுவாங்க."

"அப்ப இந்த வளைவுல ஏன் நின்னீங்க?"

"நெழலுக்குத்தான் சார்."

சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லை. இருந்த ஒரே நிழல் அவர் வண்டியுடையது.

காரில் ஒரு கீறல் விழாமல் தூக்கினார். உடைந்த விளக்குக் கண்ணாடியையும் கூட்டி அள்ளினார். அதுவும் லிஸ்ட்காரர்களுக்கு உத்தரவாம். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததே என்னை உறுத்தியது.

மறுநாள் பஸ்ஸில் அந்த வழியாகத் திரும்பினேன். அதே வளைவு, அதே வண்டி, அதே கடலை. ஜன்னலில் என்னைக் கண்டதும் கும்பிட்டார். நானும் கும்பிட்டுவிட்டேன். வளைவு மறைந்த பிறகுதான் உறைத்தது: இன்றைக்கு வேறொருவர் முறை அல்லவா?