கல்லிடுக்கில் அப்பா வளர்த்த மலைப்பூக்கள்

எங்கள் அப்பா இல்லாமல் ஓராண்டு கடந்துவிட்டது. அவரை அறிந்த உங்கள் முன் அவரது வாழ்வைச் சுருக்கமாக நினைவுகூர்கிறேன்.

கணியூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மழை பொய்த்தபோது திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து கட்டிங் மாஸ்டராக உயர்ந்தார். யாரையும் கடிந்து பேசாதவர். அம்மா மறைந்தபின் அனுப்பர்பாளையம் வீட்டில் தனியாகவே வாழ்ந்தார். மணமாகி மும்பையில் இருந்த நான் அழைத்தபோதெல்லாம், "அங்க வந்து நான் யாருகிட்டப் பேசறது கண்ணு?" என்பார்.

ஒருமுறை கோத்தகிரிக்குத் திருமணத்திற்குச் சென்றவர், கல்சுவரின் வெடிப்பில் பூத்திருந்த சட்டைப் பொத்தான் அளவுப் பூவைக் கண்டார். விரியும்போது வெள்ளை, வாடும்போது ரோஜா நிறம். வேரோடு சில செடிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வீட்டின் கிழக்கே கற்களைச் சரிவாக அடுக்கி, இடுக்குகளில் மணலும் சரளையும் இட்டு நட்டார். கோடையில் கருகின. மறுபடி மலையேறினார். சில ஆண்டுகளுக்குப் பிறகே அவை இந்த மண்ணில் நிலைத்தன.

குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக அப்பா மருத்துவமனையில் இருந்தபோது, பக்கத்து வீட்டு மரியசெல்வி செடிகளைப் பார்த்துக்கொண்டாள். திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு பனியன் வேலைக்கு வந்த பெண். வாடிவிடுமோ என்று தினமும் குடம் குடமாக ஊற்றினாள். ஈரம் தங்கினால் அந்த வேர்கள் தாங்காது. நான் அப்பாவை அழைத்துவந்தபோது எல்லாம் அழுகிக் கிடந்தன.

"நாந்தான் மாமா கொன்னுட்டேன்" என்று அழுதாள்.

அப்பா கல்லின்மீது மெல்ல அமர்ந்தார். "அழுவாத கண்ணு. இத்தன வருசமா இதப் பாக்க ஒருத்தரும் வந்ததில்ல. நீ தெனமும் வந்திருக்கறயே."

நான் பையோடு வாசலிலேயே நின்றிருந்தேன்.

உடல் தேறியதும் இருவரும் சேர்ந்து மறுபடி நட்டார்கள். பூத்தும்விட்டன. பிறகு அவள் குடும்பம் ஊர் திரும்பியது. ஞாயிறுகளில் நான் தொலைபேசியில் மருந்தைப் பற்றிக் கேட்டால், "இன்னிக்கு நாலு பூத்திருக்குது" என்பார். கேட்க வேறு யாருமில்லை.

ஒரு காலையில் அந்தக் கற்களருகே மாரடைப்பால் சரிந்தார்.

அவரைக் கண்டு மருத்துவமனைக்குத் தூக்கி ஓடிய பால்காரருக்கும், உடனிருந்த கம்பெனி நண்பர்களுக்கும், உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செய்தி கேட்டதும் பஸ் ஏறி, நான் வந்து சேருமுன்பே அப்பாவின் தலைமாட்டில் அமர்ந்திருந்த மரியசெல்விக்கு என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

— மகள்