இரண்டாம் பாகத்தில் வந்தவன்

ஒரு நாடகம் முடிந்தால் முடிந்துவிட வேண்டும். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அதே சட்டிக்குள் தண்ணீரை விட்டுக் கொதிக்கவைத்து இன்னொரு பந்தி வைக்கிறவர்களை எங்கள் ஊரில் என்ன சொல்லி ஏசுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே எழுத முடியாது. நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள், பெற்றோர்கள் வாசிக்கக்கூடும்.

ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

எங்கள் வீடு வடமராட்சிக் கரையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வீட்டில் மூன்று பெண்கள்: அம்மா, நான், அண்ணையின் மனைவி. அண்ணை ஐந்து வருடங்களுக்கு முன் மீன்பிடித் தொழிலுக்குக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. கூடப் போனவரின் உடல் மூன்றாம் நாள் கரையொதுங்கியது. படகு கவிழ்ந்தபடி கிடைத்தது. அண்ணை மட்டும் கிடைக்கவில்லை. அப்போது அண்ணிக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். உடல் இல்லாதபடியால் அம்மா அந்தியேட்டிச் சடங்கு செய்ய விடவில்லை. சுவரில் தொங்கிய அண்ணையின் படத்துக்கு மாலை போடவும் விடவில்லை. "மற்றப் பெடியன் வந்தவன்தானே. என்ரை பிள்ளை வரேல்லையெண்டால் அவன் எங்கையோ இருக்கிறான்" என்பதுதான் அம்மாவின் கணக்கு. என் கணிதம் அதற்கு முன்னால் எடுபடவில்லை.

போன வருடம் அண்ணியைக் கேட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார், அம்மா பிடிகொடுக்கவில்லை. நெல்லியடியில் படகு எஞ்சின் திருத்துகிறவர், மனைவியை நோயில் இழந்தவர், அமைதியான மனிதர். அண்ணி கிணற்றடியில் வைத்து என்னிடம் சொன்னார்.

"எனக்கு விருப்பம்தான். ஆனால் மாமி ஓமெண்டு சொல்லாமல் நான் இந்த வீட்டுப் படி இறங்கமாட்டன்."

அம்மாவிடம் அதைப் பற்றிக் கதைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் ஒரு கெட்டித்தனம் செய்தேன். அந்தக் கெட்டித்தனத்தைத்தான் இன்றுவரை நொந்துகொண்டிருக்கிறேன்.

அந்த நேரம் மாலை ஏழரைக்கு இந்தியாவிலிருந்து ஒரு நாடகம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் எல்லாரும் அதைப் பற்றியே கதைப்பார்கள். கடலில் மகனைத் தொலைத்த ஒரு தாயின் கதை. உண்மையைச் சொல்லவேண்டும், முதலாம் பாகம் அருமையாக இருந்தது. அந்தத் தாய் கரையில் நின்று அலையைப் பார்க்கும்போது பின்னால் இசைகூட இல்லை. கடைசி வாரத்தில் அவள் மகனின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, மருமகளின் கையைப் பிடித்து, "நீ போய் வாழம்மா" என்பாள். அந்த முடிவு வரப்போகிறது என்று இணையத்தில் முன்கூட்டியே வாசித்துத்தான் அம்மாவை ஒவ்வொரு நாளும் ரீவிக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தினேன். பால் விடாத பிளேன்ரீயும் ஊற்றிக் கொடுத்தேன்.

பலித்தது. கடைசி நாள் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அவையளுக்கு ஓமெண்டு சொல்லு. உன்னை நான் பிடிச்சு வைச்சிருக்கிறது பாவம்."

அண்ணி அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதார். ஆவணிக்குப் பிறகு நாள் பார்ப்பதென்று முடிவானது. நான் குசினிக்குள், அடுப்படியில் நின்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதம் போகவில்லை. இரண்டாம் பாகம் வருகிறது என்று விளம்பரம் போட்டார்கள். கடற்கரை மணலுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வருகிறது. பின்னால் மூன்று இடி. நாசமாய்ப் போனவர்கள்! மாலை போட்டு, அழுது, ஊரெல்லாம் அழவைத்து அனுப்பிய மனிதனை, நாடகம் நன்றாக ஓடியது என்ற ஒரே காரணத்துக்காகக் கடலுக்குள் கைவிட்டு இழுத்து எடுத்துவிட்டார்கள்.

முதலாம் பாகத்தை எழுதியவன் கடலைப் பார்த்தவன். இரண்டாம் பாகத்தை எழுதியவன் குளியலறை வாளியைத் தவிர வேறு தண்ணீரைக் கண்டிருக்க மாட்டான். மகன் ஒரு தீவில் இருக்கிறானாம். நினைவு தப்பிவிட்டதாம். ஐந்து வருடம் தீவில் கிடந்தவனின் சேட்டில் இஸ்திரி போட்ட மடிப்பு நிற்கிறது. அந்தத் தீவின் மீனவன் வலையைத் தோளில் போட்டிருந்த விதத்தைப் பார்த்து எங்கள் ஒழுங்கையில் உள்ள சின்னப் பிள்ளைகளே சிரித்தார்கள். துவாயை உலரப் போட்டதுபோல் போட்டிருந்தான். மருமகளின் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதிலேயே மூன்று வாரம் ஓடியது. ஒருத்தி திரும்பிப் பார்த்தால் அந்தப் பார்வை முடிய ஒரு நாள். முதலாம் பாகத்தில் அழவே தெரியாமல் நின்ற அந்தத் தாய், இப்போது வீட்டுக்குள்ளே பட்டுச்சேலையும் நெக்லஸுமாக நின்று கோயில் மணியைப் பார்த்துச் சவால் விடுகிறாள். கண்டறியாத நாடகம்! யூடியூபில் கீழே போய்ப் பார்த்தேன். மனிதர்கள் ஏசி எழுதியிருந்தார்கள். எனக்கு அது போதவில்லை.

நான் ஏசினேன். அம்மா ஏசவில்லை. முதல் நாளே நிமிர்ந்து இருந்துவிட்டார்.

"பாத்தியே? அவன் சாகேல்லை."

"அம்மா, உது சும்மா விசர்க்கதை."

"பொறு, பொறு. பிள்ளை, அந்தக் கலியாண அலுவலை இப்போதைக்கு நிப்பாட்டி வை. இன்னும் ஒரு வருசம் பாப்பம்."

அண்ணி துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைத் திரும்பவும் துடைத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அம்மா, அது நாடகம். ஆரோ சம்பளம் வாங்கிக்கொண்டு நடிக்கிறான். நாடகத்தைப் பாத்து ஆரும் முடிவெடுப்பினமே?"

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாடகமெண்டு எனக்குத் தெரியாதே? நான் என்ன மொக்கே? முந்தி அவள் மாலை போட்டதைப் பாத்துத்தானே நான் ஓமெண்டனான். அப்ப ஒருத்தரும் நாடகமெண்டு சொல்லேல்லையே. பிளேன்ரீ ஊத்தித் தந்து பாக்க வைச்சவள் ஆர்?"

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த மகன் வந்துகொண்டே இருந்தான். ஆனால் முகத்தைக் காட்டவில்லை. ஒரு நாள் கால், ஒரு நாள் முதுகு, ஒரு கிழமை முழுக்க ஒரு கை. என்ன பெரிய கலை என்று நினைக்கிறீர்களா? முன்பு நடித்தவர் சினிமாவுக்குப் போய்விட்டாராம். அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஊர்ச்சனத்துக்குக் காலைக் காட்டிப் பேய்க்காட்டினார்கள். அம்மாவோ அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். "நடையைப் பார், அவன்தான்." எந்த அவன் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கிடையில் நெல்லியடிக்காரரின் தமக்கை தொலைபேசி எடுத்தார். ஏசவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

"தங்கச்சி, நாங்கள் எட்டு மாசம் பாத்திட்டம். இந்த மாசத்துக்குள்ளை ஓமோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ. தம்பியையும் நான் எவ்வளவு காலம் தனிய விடுறது?"

அண்ணியிடம் சொன்னேன். "மாமி சொன்னால்தான்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குச் சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டிருந்தார். அந்த நாடகம் எழுதினவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால், அந்தச் சோறு முழுவதையும் அவன் வாயிலேயே தீத்தியிருப்பேன்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது நாடகத்தில் மகன் வீட்டுக்கு வந்தான். பந்தலுக்குள் தாலி கட்டப் போகிற நேரம் பார்த்துத்தான் வந்தான், வேறு எப்போது வருவான்? அம்மா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். அண்ணி கதவு நிலையில் சாய்ந்து நின்றார். கால் வந்தது, முதுகு வந்தது, இடி விழுந்தது, ஆள் திரும்பினான். புது ஆள். இந்த மகனாக இனி இன்னார் நடிப்பார் என்று கீழே ஒரு வரி ஓடியது. அவ்வளவுதான் அவர்களின் மரியாதை. தாய் ஓடிவந்து, "மகனே!" என்று அவனைக் கட்டிப்பிடித்தாள்.

"ஆரிவன்?" என்றார் அம்மா.

"புதுசா ஒருத்தரைப் போட்டிருக்கினம்."

"அவள் கட்டிப்பிடிக்கிறாளே. பெத்தவளுக்குத் தெரியாதே?"

கமரா சுவருக்குப் போனது. முதலாம் பாகத்தில் மாலை போட்டிருந்த படம். மாலை அதே மாலை. உள்ளே புதியவனின் முகம். சின்ன வயதுப் படம், கல்யாணப் படம் எல்லாவற்றிலும் புதியவன் இருந்து சிரித்தான். பழையவன் அந்த வீட்டில் பிறக்கவே இல்லை என்பதுபோல் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

"படத்தையும் மாத்திப்போட்டாங்கள்" என்றார் அம்மா.

எழுந்து போய் எங்கள் சுவரில் இருந்த அண்ணையின் படத்துக்கு முன்னால் நின்றார். பின்னால் அந்தத் தாய் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"உந்தச் சனியனை நிப்பாட்டு."

நிற்பாட்டினேன். அம்மா விரலால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

"வாறதெண்டால் இந்த முகத்தோடை வரவேணும். இந்த முகம் இனி வராது. எனக்குத் தெரியும். அண்டைக்கு மற்றப் பெடியனைக் கரையிலை கண்ட உடனையே எனக்குத் தெரியும்."

ஐந்து வருடத்தில் அம்மா அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். அண்ணி கதவு நிலையைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"பிள்ளை, எழும்பு. அவையளுக்கு ஓமெண்டு சொல்லு. இனி நான் மாத்திச் சொல்லமாட்டன்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரேக்கை ஒரு மாலை வாங்கிக்கொண்டு வா. இந்தப் படத்தின்ரை அளவுக்கு."